வெந்நீர் விளாவும் கணக்கு

கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் அருள்தாஸ் வாத்தியாருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேராகத் தாஸ் சார். முதுகுக்குப் பின்னால் கலோரி சார். ஒன்பதாம் வகுப்பில் வெப்பப் பாடம் வந்துவிட்டால் மனிதருக்குப் பசி மறந்துவிடும், மணி அடித்தது காதில் விழாது. "ஏலே, சூடுங்கறது வேற, அந்தச் சூட்ட ஏத்துறதுக்குத் தின்னுற வெப்பம் வேற. ஒரு தீக்குச்சி எவ்வளவு சூடா எரியுது! அத வச்சு ஒரு வாளித் தண்ணிய வெதுவெதுன்னு ஆக்கிருவியா நீ?" என்று ஆரம்பிப்பார். ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி ஏற்றுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுதான் அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் என்பதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். இவர் ஒரு வாரம் சொல்லுவார். இரும்பு கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்து சுட ஆரம்பித்துவிடும், தண்ணீர் அதைப்போல ஒன்பது மடங்கு தின்றால்தான் அசையும் என்று கையை விரித்துக் காட்டுவார். முன் பெஞ்சுக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

பத்து வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். அதே மலையில் பேத்துப்பாறையில் அப்பாவுக்குக் கூலி வேலை கிடைத்தது. மகன் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து, மலையிறங்கிப் போய் இயற்பியல் பட்டம் வாங்கி, மறுபடி மலையேறி வந்து வாத்தியாரானார். அதோடு வாழ்க்கையில் சாதிக்க வேண்டியது முடிந்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. மிச்சத்தை எல்லாம் சாதித்தது அவருடைய மனைவி விஜயராணிதான்.

விஜயராணி ஒரு பள்ளி விடுதியில் சமையல்கட்டு மேற்பார்வை பார்த்தவர். விடிவதற்கு முன் எழுந்து, பித்தளை அண்டாவில் வெந்நீர் போட்டு, பச்சைத்தண்ணீர் ஊற்றி விளாவி, முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். "ஏங்க, விளாவி வெச்சாச்சு, வாங்க." செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "வர்றேன்" என்று ஒரு குரல் வரும். ஆள் வராது. தண்ணீர் ஆறிப்போகும். திட்டிக்கொண்டே இன்னொரு செம்பு கொதிநீர் ஊற்றுவார். மணமான நாளிலிருந்து இதே கூத்துதான். வெப்பத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய மனிதர், தன் குளியல் தண்ணீரைத் தானே ஒரு நாளும் விளாவிக் குளித்தது கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு ஓய்வு கிடைத்த மறு வருஷம், ஒரு மழைக்காலத்தில், துணி காயப்போடப் போன விஜயராணி கொடிக்கம்பிக்குக் கீழேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. அந்தப் பக்கம் கிள்ளினாலும் தெரியாது, ஊசி போட்டாலும் தெரியாது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பி வாயிலே தங்கிவிட்டது. வாங்க. டாக்டரைப் பார்த்தாலும் வாங்க, பசித்தாலும் வாங்க, முதுகு வலித்தாலும் வாங்க. அடுத்தவர் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதிலுக்கு வேறு சொல்லைத் தேடித் தேடி, கிடைக்காமல், கடைசியில் அந்த ஒன்றையே சொல்லிவிட்டு அழுவார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அருள்தாஸ் யாரையும் கிட்டே விடவில்லை. சோறு ஊட்டுவது, துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நானேதான் என்று இறங்கினார். முதலில் கையைவிட்டுத்தான் பதம் பார்த்தார். அங்கேதான் முதல் அடி. தை மாதக் குளிரில் கொடைக்கானல் பக்கம் ஒருவருக்கும் கை கையாக இருக்காது, விறைத்துப்போய் மரக்கட்டையாக இருக்கும். அந்தக் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் கொதிக்கிறதாகத் தோன்றும். ஐயோ சுடுதே என்று பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார். மனைவி நடுங்குவார். வாங்க, வாங்க என்பார். இவருக்குப் புரியாது. அந்த மாதமே சளி நெஞ்சில் கட்டி, நுரையீரல் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதாயிற்று.

தன் கை தன்னை ஏமாற்றியதை அவரால் தாங்கவே முடியவில்லை. கண்ணாடி வெப்பமானி ஒன்று வாங்கினார். இனிமேல் கணக்குதான், கையை நம்புகிற வேலையே கிடையாது என்று முடிவு கட்டினார்.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. கொதிநீர் இழக்கிற வெப்பம் எவ்வளவோ அவ்வளவும் பச்சைத்தண்ணீருக்குப் போய்ச் சேரவேண்டும். இரண்டும் தண்ணீர் என்பதால் தன்வெப்பம் இரண்டுக்கும் ஒன்றுதான், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். அந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிவரை போகாது, தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும். குழாய்த் தண்ணீர் பன்னிரண்டு. குளிக்க முப்பத்தொன்பது என்று அவரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டார். கொதிநீர் ஐம்பத்து நான்கு டிகிரி இறங்க வேண்டும், பச்சைத்தண்ணீர் இருபத்தேழு டிகிரி ஏற வேண்டும். ஆக ஒரு செம்பு கொதிநீருக்கு இரண்டு செம்பு பச்சைத்தண்ணீர். முடிந்தது விஷயம்.

அளந்து ஊற்றி, வெப்பமானியை விட்டுப் பார்த்தால் இரண்டு டிகிரி குறைந்தது. எங்கே போயிற்று? உட்கார்ந்து யோசித்தவர் நெற்றியில் அறைந்துகொண்டார். அண்டா! ராத்திரியெல்லாம் குளிரில் கிடந்த கனத்த பித்தளை அண்டாவும் தன் பங்குக்கு வெப்பத்தைத் தின்னுமே! கணக்கில் பாத்திரத்தைச் சேர்க்க மறந்த பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் மதிப்பெண் குறைத்த ஆள் அவர். அண்டாவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கி, பச்சைத்தண்ணீரில் அரைச் செம்பைக் குறைத்தார். மறுநாள் வெப்பமானி முப்பத்தொன்பது காட்டியது. அதற்கடுத்த நாளும் அதே. ஒரு மாதம் அதே. பிறகு விளாவிய தண்ணீரை அளப்பதை விட்டுவிட்டார். சரியாக வருகிற கணக்கை மறுபடி மறுபடி சோதிப்பானேன்?

குழாய்த் தண்ணீரை மட்டும் எப்போதாவது அளப்பார். அது மலைத் தண்ணீர். காலையில் பன்னிரண்டு என்றால் மத்தியானமும் பன்னிரண்டுதான். சித்திரையில் இரண்டு மூன்று ஏறும், அவ்வளவே.

குளியலுக்கு ஒரு வரிசையும் வைத்திருந்தார். முதலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவியை உட்கார வைப்பார். மரத்துப்போன வலது கால் எப்போதும் சில்லிட்டு நீலம் பாரித்துக் கிடக்கும். விளாவிய தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி, அந்தப் பாதத்தை அதில் வைத்துவிட்டுத் துண்டு, மாற்றுத்துணி எல்லாம் எடுத்து வருவார். அதற்குள் கால் நன்றாகச் சூடேறி இளஞ்சிவப்பாகிவிடும். அதைப் பார்க்கும்போது அவருக்குப் பெருமை பொங்கும். விஜயராணி சில நாள் நல்லபடியாக இருக்கிற தன் இடது கையை வாளிப் பக்கம் நீட்டுவார். "விழுந்துருவ ராணி, பேசாம இரு" என்று அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிடுவார். அவர் மறுபடி நீட்டுவார். இவர் மறுபடி எடுத்து வைப்பார்.

போன மார்கழியில் மறுபடியும் நெஞ்சுச் சளி. இந்தத் தடவை குளியல் காரணமில்லை, குளிரே காரணம். இன்னொரு தரம் வந்தால் தாங்கமாட்டார்கள், கீழே கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலையடிவாரத்துக் கன்னிவாடியில் மகள் ஜென்சி இருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அலுவலக வேலை. கணவன் வெளிநாட்டில். பொங்கல் முடிந்த கையோடு காரில் அம்மாவைப் படுக்க வைத்து இறக்கினார்கள். பித்தளை அண்டா வரவில்லை. வெப்பமானி சட்டைப் பையில் வந்தது.

ஜென்சி வந்த வாரமே சொன்னாள். "அப்பா, மூக்கம்மான்னு ஒரு அக்கா இருக்காங்க. ஆஸ்பத்திரியில வேல பாத்தவங்க. அவங்கள வச்சுக்கலாம். உங்களுக்கும் வயசாகுதுல்ல?"

"என் பொண்டாட்டிய நான் குளிப்பாட்டுறேன். அதுக்கு எதுக்கு ஆளு?"

"ரெண்டு பேரும் இங்கயே இருந்துருங்கப்பா. அங்க தனியா கெடந்து என்ன செய்யப் போறீங்க?"

"பனியும் குளிரும் போகட்டும். வைகாசியில நாங்க மேல போயிருவோம். அவளுக்கு நம்ம வீடுதான் சரி."

"நீங்க தனியா சமாளிப்பீங்கன்னு எனக்குத் தைரியம் வரட்டும். அப்பப் பாப்போம்."

மகள் சொல்லிவிட்டாள் என்பதால் அருள்தாசுக்கு ஒவ்வொரு நாளும் பரீட்சை போல ஆகிவிட்டது. மனைவியைத் தன் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று வீடே தன்னைக் கவனிப்பதாக நினைத்துக்கொண்டார். அதனால் கணக்கில் இன்னும் கண்ணும் கருத்துமாக இருந்தார். இங்கே தண்ணீர் தொண்ணூற்றொன்பதில் கொதிக்கிறது. குழாய்த் தண்ணீரை மலையில் போல அல்லாமல் தினமும் ஆறு மணிக்கு அளந்தார். பங்குனியில் அது இருபத்தேழுக்கு வந்து நின்றது. கொதிநீர் அறுபது இறங்க வேண்டும், பச்சைத்தண்ணீர் பன்னிரண்டு ஏற வேண்டும். ஒன்றுக்கு ஐந்து. பிளாஸ்டிக் வாளி அதிகம் தின்னாது, அதை விட்டுவிடலாம். ஏழு மணிக்குள் குளியல் முடிந்துவிடும்.

"இந்த வெயில்ல யாருப்பா வெந்நீர்ல குளிப்பா? எனக்குப் பாத்தாலே வேர்க்குது" என்று ஜென்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா பொறந்ததுலேர்ந்து பச்சத்தண்ணில குளிச்சதில்ல. மலக்காரி" என்று பெருமையாகச் சொன்னார். பேசினையும் விடவில்லை. கன்னிவாடியின் பங்குனி வெயிலில் எந்தக் கால் சில்லிட்டிருக்கும்? ஆனாலும் முதலில் வலது பாதம் பேசினுக்குள் போயாக வேண்டும். வழக்கம் வழக்கம்தான்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை எல்லாம் தள்ளிப்போயிற்று. கை கால் பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவர் என்றைக்குமில்லாமல் விடிந்ததுமே வந்துவிட்டார். அவர் போனதும் விஜயராணி அசந்து தூங்கிப்போனார். எழுப்ப மனம் வரவில்லை. கண் விழித்தபோது மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது. உடம்பெல்லாம் வேர்வை. வாங்க வாங்க என்று குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

காலையில் அளந்த எண் அருள்தாசுக்குத் தெரியும். இருபத்தேழு. ஒரு செம்பு கொதிநீர், ஐந்து செம்பு குழாய்த் தண்ணீர் என்று ஊற்றி ஊற்றி வாளியை நிரப்பினார். ஆவி வரவில்லை. மலையில் வெதுவெதுப்பான தண்ணீருக்கே புகைபோல ஆவி கிளம்பும், இங்கே அதற்கும் மேலே சூடான தண்ணீர்கூடச் சாதுவாக நிற்கும். அது அவருக்குத் தெரியாத விஷயமல்ல, அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். விஜயராணி இடது கையை வாளிப் பக்கம் நீட்டினார். "விழுந்துருவ ராணி" என்று கையை எடுத்து மடியில் வைத்தார். பேசினை நிரப்பி, வலது பாதத்தை அதில் பத்திரமாக வைத்துவிட்டுத் துண்டெடுக்கப் போனார். துண்டு கொடியில் இல்லை, மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஏறிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

விஜயராணி அமைதியாக உட்கார்ந்திருந்தார். கணவனைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

பாதத்தைத் தூக்கினார். இளஞ்சிவப்பாக இல்லை. தீயாய்ச் சிவந்திருந்தது. அவர் விரல் பட்ட இடத்தில் தோல் தண்ணீரில் நனைந்த காகிதமாக நகர்ந்தது.

குளிர்ந்த தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் என்று வாய் சொல்லியது. குழாயைத் திறந்து, வெந்த பாதத்தை அதற்கு நேராகப் பிடித்தார். குழாயிலிருந்து வந்து அவர் கையில் பட்டதும் சுடுதண்ணீர்தான். அப்போதுதான், அந்த ஒரு நொடியில்தான், குழாய்க்குத் தண்ணீர் வருகிற, மொட்டை மாடியில் வெயிலில் நிற்கிற கறுப்புத் தொட்டி அவர் கண்முன் வந்தது. "ஜென்சி! ஜென்சி!" என்று அலறினார். அவள் ஓடிவந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய், குடிக்க வைத்திருந்த மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் காலில் கவிழ்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பானையும் வந்தது. விஜயராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன நடக்கிறதென்று தெரியாமல், வாங்க, வாங்க என்றார்.

வலி தெரியாத கால். அதுதான் கொடுமை. அவருக்கு வலித்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

திண்டுக்கல்லில் காட்டினார்கள். கட்டுப் போட்ட டாக்டர், பார்த்துக்கொள்கிறவர் வயதானவர் என்பதால் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. உணர்ச்சி இல்லாத காலில் ரத்த ஓட்டமும் குறைவு, ஆற ரொம்ப நாள் பிடிக்கும், சீழ் வைத்தால் பாதத்துக்கே ஆபத்து என்றார். திரும்பி வரும்போது காரில் ஜென்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இனிமே நீங்க அம்மாவக் குளிப்பாட்ட வேணாம்ப்பா." திட்டியிருந்தால் தேவலை. குரலில் கோபமே இல்லை. அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் அதே ஒரு மணிக்குக் குழாயடியில் போய் நின்று வெப்பமானியைப் பிடித்தார். நாற்பத்தைந்து. மனசு தானாகப் போட்டுப் பார்த்தது. ஐந்து செம்பு நாற்பத்தைந்து, ஒரு செம்பு தொண்ணூற்றொன்பது, ஆறால் வகுத்தால் ஐம்பத்து நான்கு. முட்டையை அதில் நாள் முழுக்கப் போட்டாலும் வேகாது. மனுஷத் தோல் வெந்துவிடும். இதில் இன்னொன்றும் இருந்தது. குழாய்த் தண்ணீரே நாற்பத்தைந்து என்றால் அன்றைக்கு வெந்நீர் என்ற ஒன்றே வேண்டியிருக்கவில்லை. மேற்கொண்டு ஆற்றித்தான் குளிப்பாட்டியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட, "சார், தண்ணி எத்தன டிகிரில இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கணக்கை ஆரம்பிப்பான். இவர் காலையிலேயே விடை தெரியும் என்று வந்தவர். தன்மேல் அவருக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. சோறு இறங்கவில்லை. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனைவி முகத்தைப் பார்க்கவோ இன்னும் முடியவில்லை, ஏனென்றால் அவர் எப்போதும்போல் சிரித்தார்.

மூக்கம்மா வந்தாள். நல்ல பெண்மணி. கட்டு நனையாமல் காலுக்கு உறை போட்டுத் தூக்கி வைத்து, வெரசாக வேலையை முடிப்பாள். "வாத்தியாரய்யா, நீங்க அங்கிட்டு ஒக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்பாள். அருள்தாஸ் குளியலறைக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்பார். உள்ளே விஜயராணி உடம்பை விறைத்துக்கொள்வது தெரியும். மூக்கம்மாவின் குரல் கெஞ்சும். வாங்க, வாங்க, வாங்க என்று மனைவி கத்துவது கேட்கும். அந்தச் சொல்லை இவ்வளவு கோபமாகவும் சொல்ல முடியும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வைகாசி வந்தது, போயிற்று. மேலே போகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் சுண்டுவிரல் கறுத்துப்போயிற்று. அதை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மற்ற விரல்கள் தப்பின. ஆனி முடிவதற்குள் பாதம் முழுக்கப் புதுத்தோல் மூடி, திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தது. தினமும் அந்தக் காலுக்கு எண்ணெய் தடவ மட்டும் அவருக்கு அனுமதி இருந்தது. யாரும் அப்படி அனுமதி என்று சொல்லவில்லை, அவராகத்தான் அப்படி எடுத்துக்கொண்டார். தடவும்போது அந்த நான்கு விரல்களையும் எண்ணுவார். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுவார்.

ஆடிக் காற்று வீசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கம்மா வரவில்லை, கொழுந்தன் வீட்டு விசேஷம். ஜென்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நானே ஊத்தி விடுறேன்மா" என்று நாற்காலியைக் குளியலறைக்குள் போட்டாள். அம்மாவை உட்கார வைத்தாள். ஆனால் விஜயராணி இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியே முக்காலியில் இருந்தவரைப் பார்த்து வாங்க என்றார். ஜென்சி செம்பைக் கையில் எடுத்ததும் அதைத் தட்டிவிட்டார். மறுபடியும் அவரைப் பார்த்து வாங்க.

"அப்பா, உங்களத்தான் கூப்பிடுறாங்க."

"என்னால முடியாதும்மா." அவர் முக்காலியை விட்டு எழவில்லை. "வேணாம். இன்னொரு தடவ என்னால முடியாது."

ஜென்சி கீழே விழுந்த செம்பை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "நான் பக்கத்துலயே நிக்கிறேன். வாங்கப்பா."

எழுந்து வந்தார். ஒரு வாளியில் குழாய்த் தண்ணீர், ஒரு பாத்திரத்தில் வெந்நீர். சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து வாளியில் விடப் போனார். விஜயராணியின் இடது கை வாளிப் பக்கம் நீண்டது.

"விழுந்துரு..." என்று பழக்கதோஷத்தில் அந்தக் கையைப் பிடித்தார். பாதியில் வாய் நின்றுவிட்டது.

அந்தக் கை அவருடைய கைக்குள் இருந்தது. நல்ல கை. சூடு தெரிகிற கை. ஒரு நாள்கூட விறைத்த கட்டையாகாமல் போர்வைக்குள் கதகதப்பாக இருந்த கை. கொதிநீரைக் கணக்கில் சேர்த்தார், குழாய்த் தண்ணீரைச் சேர்த்தார், அண்டாவைக்கூட மறக்காமல் சேர்த்தார். குளிக்கிறவளைச் சேர்க்கவில்லை. எத்தனை நாள் நீட்டியிருப்பாள்! அந்தச் சனிக்கிழமையும் நீட்டினாளே! தான் எடுத்து மடியில் வைத்தது நினைவுக்கு வந்தபோது அருள்தாசுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் எதிரில் அழுதார். அழுதுகொண்டே கையை விட்டார்.

விஜயராணி அவர் அழுது முடிக்கக் காத்திருக்கவில்லை. வாளிக்குள் கையை விட்டார். முகத்தைச் சுளித்து, வெந்நீர்ப் பாத்திரத்தைக் காட்டினார். அருள்தாஸ் ஒரு செம்பு ஊற்றினார். மனைவி கலக்கிப் பார்த்து மறுபடி காட்டினார். அவர் அரைச் செம்பு ஊற்றினார். உடனே விஜயராணி போதும் என்று விரலை விரித்துத் தடுத்தார். பிறகு முழங்கை வரை உள்ளே விட்டு, அந்தப் பழைய சுற்று, ஒரு முழுச் சுற்று, சுற்றினார்.

"அளந்து பாருங்கப்பா" என்றாள் ஜென்சி மெதுவாக. பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

அளந்தார். முப்பத்தாறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பத்தாறுதான். இவ்வளவு நாளாக அவளுக்குப் பிடிக்காத சூட்டில் அவளைக் குளிப்பாட்டியிருக்கிறார். முப்பத்தொன்பது என்று அவராக வைத்த எண், அவளை ஒரு வார்த்தை கேட்டு வைத்ததில்லை.

விஜயராணி கையை வெளியே எடுத்து உதறினார். நீர்த்துளி அருள்தாஸ் முகத்தில் தெறித்தது. தண்ணீர் ஆறிவிடப் போகிறதே என்கிற அந்தப் பழைய அவசரத்தோடு, புருவத்தை நெரித்து அவரைப் பார்த்தார்.

"வாங்க."

"வந்துட்டேன் ராணி" என்று செம்பை எடுத்தார்.